அப்பாவோட நாலு இன்ச் பிரஷ்

இந்தப் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அது போக வீடு மாத்தற வேலை வேற. வீடு மாத்தின கதையைத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன். கதைன்னு பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு பெயின்ட் பிரஷ்ஷை எப்படி கழுவணும்கிறதுதான் விஷயம். இதுக்கு ஒரு பதிவான்னு கேக்காதீங்க. இருபத்தெட்டு வயசுல, அதுவும் ஒரு பெயின்டர் வீட்டுல பொறந்து வளர்ந்துட்டு, போன வருஷம்தான் எனக்கே இது தெரிஞ்சுது.

பெங்களூர்ல வாடகைக்கு இருந்தவங்களுக்கு ஒரு சோகம் நல்லா தெரியும். வீட்டை காலி பண்ணும்போது பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல இருந்து கழிச்சுக்குவாங்க. நீங்க சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்காம, கோயில் மாதிரி வச்சிருந்தாலும் கழிப்பாங்க. எனக்கு வந்தது 24,000 ரூபா. ஓனர்கிட்ட போய், "சார், நானே அடிச்சு குடுத்துடறேன், கழிக்காதீங்க"ன்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "யூ? சாப்ட்வேர் தானே நீங்க?"ன்னார். "எங்க வீட்டுல எல்லாருக்கும் பெயின்டிங் தெரியும் சார்"னு கெத்தா சொல்லிட்டேன். பாதி உண்மை. எங்க வீட்டுல ஒருத்தருக்கு நல்லா தெரியும். மத்தவங்களுக்கு அவர் கொண்டு வர்ற சட்டையை துவைக்கத் தெரியும்.

எங்கப்பா கோவில்பட்டியில பெயின்டர். பதினாறு வயசுல வெள்ளையடிக்கப் போனவர். அப்போ பிரஷ்ஷே கிடையாதாம். மட்டையோட நுனியை இடிச்சு நாராக்கி, அதை சுண்ணாம்புல முக்கி அடிப்பாங்களாம். சுண்ணாம்புல கொஞ்சம் நீலம், கொஞ்சம் கஞ்சி. பொங்கலுக்கு முந்தின பதினஞ்சு நாளும் அவரை வீட்டுல பார்க்கவே முடியாது. ஊர் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சு காவி பட்டை போட்டுட்டு, போகி அன்னைக்கு ராத்திரி வந்து எங்க வீட்டுக்கு அடிப்பார். அப்புறம் டிஸ்டெம்பர் வந்துச்சு, எமல்ஷன் வந்துச்சு, பட்டி பார்க்கிறது வந்துச்சு. எல்லாத்தையும் கத்துக்கிட்டார். அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. (எங்க ஊர்ல தீப்பெட்டி கம்பெனியை ஆபீஸ்னுதான் சொல்லுவோம். ஆகவே நானும் அம்மாவும் ரெண்டு பேருமே ஆபீஸ் போறவங்கதான்.)

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட பிரஷ் கேட்டேன்.

"கடையில நூத்தம்பது ரூவாய்க்கு கிடைக்குமேய்யா. எதுக்கு இதை அங்க வரைக்கும் தூக்கிட்டுப் போற?"

"சும்மா ரெண்டு கதவு, சுவரு, அவ்ளோதான்ப்பா. எதுக்கு காசு குடுத்து வாங்கணும்?"

கட்டிலுக்கு அடியில இருந்து தகரப் பெட்டியை இழுத்தார். சின்ன வயசுல நான் தொடக்கூடாத பெட்டி அது. உள்ள எல்லா பிரஷ்ஷும் ஒவ்வொண்ணா தினத்தந்தி பேப்பர்ல சுத்தி, கைப்பிடி எல்லாம் ஒரே பக்கமா, வரிசையா படுத்திருந்துச்சு. மூலையில ரெண்டு அந்துருண்டை. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சார். நாலு இன்ச் பிரஷ். கைப்பிடியில வார்னிஷ் எல்லாம் போயி, அவர் கட்டை விரல் படற இடத்துல மட்டும் ஒரு குழி மாதிரி தேய்ஞ்சிருந்துச்சு. முடி மட்டும் புதுசு மாதிரி, நுனி கூரா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருந்துச்சு.

"கதவுக்கு மட்டும் இது. சுவத்துக்கு ரோலர் தாரேன். மாத்திப்பூடாத. அடிச்சு முடிச்சதும்..." னு ஆரம்பிச்சார்.

"கழுவி வைக்கணும், தெரியும்ப்பா."

தெரியும்னு சொன்னா அதுக்கு மேல எங்கப்பா சொல்ல மாட்டார். படிச்ச பையன்.

ஒரு சனிக்கிழமை வேலையை ஆரம்பிச்சேன். சுவத்துக்கு எமல்ஷன், ரோலர்ல. பரவாயில்லாம வந்துச்சு. சாயங்காலம் கதவுக்கு எனாமல். பெட்ரூம் கதவு முடிஞ்சு, பாத்ரூம் கதவு பாதியில இருக்கும்போது போன். புரொடக்ஷன்ல சர்வர் படுத்துடுச்சு. உடனே கால்ல வாங்கன்னாங்க. கையில பெயின்ட்டோட லேப்டாப்பை திறந்தேன். ரோலர் ட்ரேயிலயே கிடந்துச்சு. பிரஷ்ஷை டப்பா மேல குறுக்கா வச்சேன். அஞ்சு நிமிஷம்தான்னு நெனச்சேன். கால் முடியும்போது விடிகாலை நாலு மணி. அப்படியே பாயில சாஞ்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எழுந்து பார்த்தா, ரோலர் சொரசொரன்னு ஒரு உருட்டுக்கட்டை. பிரஷ் ஒரு பலகை. தட்டிப் பார்த்தேன், டொக்குனு சத்தம் வந்துச்சு. தண்ணியில போட்டேன். கொதிக்கிற தண்ணியில போட்டேன். சோப்புத்தூள் போட்டேன். ஒண்ணும் நடக்கலை. சரி, இதே மாதிரி ஒண்ணு கடையில வாங்கி, கைப்பிடியை கொஞ்சம் உப்புத்தாள் போட்டு தேய்ச்சு ஊருக்கு கொண்டு போயிடலாமான்னு கூட ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்த கட்டை விரல் குழி ஞாபகம் வந்துச்சு. அதை எந்த உப்புத்தாளாலயும் பண்ண முடியாது.

போன் பண்ணி சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எமல்ஷனா எனாமலா?"

"பிரஷ் எனாமல். ரோலர் எமல்ஷன்."

"ரோலரை தூக்கிப் போட்டுரு. பிரஷ்ஷை ஒரு டப்பாவுல தின்னர் ஊத்தி, தகரம் வரைக்கும் முங்குற மாதிரி தொங்க விடு. அடியில முட்டக்கூடாது. கம்பியில மாட்டித் தொங்க விடணும். மேல கவர் போட்டு கட்டு. ஜன்னலை திறந்து வையி. அடுப்பு பக்கத்துல வைக்காத. நான் வாரேன்."

"எங்க வாரீங்க?"

"அங்கதான். பாதி கதவை அப்படியே விட்டுட்டா பட்டையா தெரியும்லா."

அன்னைக்கு சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸ்ல, அன்ரிசர்வ்டுல ஏறி, திங்கக்கிழமை காலைல பெங்களூர்ல வந்து இறங்கிட்டார். ஒரு கையில மஞ்சப்பை, இன்னொரு கையில கடலைமிட்டாய் பாக்கெட்.

இங்க கொஞ்சம் பழைய கதை சொல்லணும். இதை இதுக்கு முன்னாடி எங்கயும் எழுதினதில்லை.

2014-ல கவுன்சிலிங்குக்கு அப்பாவும் நானும் சென்னை போனோம். மெக்கானிக்கல் கிடைச்சுது. முதல் பட்டதாரி சலுகையில டியூஷன் பீஸ் குறைஞ்சுது. ஆனா ஹாஸ்டல், மெஸ், புக்கு எல்லாம் அவர் அடிச்ச சுவர்ல இருந்துதான் வந்துச்சு. (மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற கோடானு கோடி பேர்ல நானும் ஒருத்தன்.) முதல் வாரம் ஹாஸ்டல்ல எல்லாரும் அறிமுகப்படுத்திக்கிட்டோம். அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. "பெயின்ட் பிசினஸ்"னு சொன்னேன். கடை வச்சிருக்கார்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. நானும் மறுக்கலை. நாலு வருஷமும் மறுக்கலை.

மூணாவது வருஷம் ஒரு தடவை பீஸ் கட்ட அப்பா நேரா காலேஜுக்கு வந்தார். வேலை நடுவுல வந்திருக்கார். சட்டை மாத்தியிருந்தார், ஆனா நகக்கண்ணுல எல்லாம் பச்சை கலர். பக்கத்துல நின்ன ஃப்ரெண்டு, "அங்கிள், கடை எப்படி போகுது?"ன்னான். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "நல்லா போகுதுய்யா"ன்னார். அவ்வளவுதான். பஸ் ஏத்தி விடும்போது கூட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. இன்னி வரைக்கும் கேக்கலை.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம்.

வந்ததும் காபி கூட குடிக்காம டப்பாவை திறந்தார். ஒரு ராத்திரி ஊறினதுல வெளிப்பக்கம் பிசின் மாதிரி இளகியிருந்துச்சு. ஒரு பழைய இரும்பு பிரஷ் கொண்டு வந்திருந்தார். தகரத்துல இருந்து நுனிப்பக்கமா மட்டும், தலை வாரற மாதிரி, மெதுவா இழுத்தார். எதிர்ப்பக்கம் ஒரு தடவை கூட போகலை. மறுபடி ஊற வச்சார். மறுபடி வாரினார். இப்படி மத்தியானம் வரைக்கும். நான் லீவு போட்டுட்டு பக்கத்துல உக்காந்து கேள்வியா கேட்டேன். அவர் சொன்னதையும், அதுக்கு அப்புறமா நான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து இங்க போடறேன்.

ரோலரை மட்டும் ஏன் தூக்கிப் போடச் சொன்னார்? எமல்ஷன்ங்கிறது தண்ணியில மிதக்கிற பிளாஸ்டிக் துணுக்குங்க. தண்ணி ஆவியா போனதும் அந்தத் துணுக்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே தோலா ஆயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் கரையாது. கரைஞ்சா மழைக்கு நம்ம வீட்டு வெளிச்சுவரும் கரைஞ்சிடுமே! அதனால எமல்ஷனை ஈரமா இருக்கும்போதே கழுவினாத்தான் உண்டு.

எனாமல் வேற மாதிரி. முதல்ல அதுல இருக்கிற கரைப்பான் ஆவியாகும். அப்புறம் மிச்சம் இருக்கிற எண்ணெய்ப்பசை காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து கெட்டியாகும். மேல தோல் கட்டினாலும் உள்ள கெட்டியாக நாளாகும். ஒரே ராத்திரிங்கிறதால பிரஷ்ஷோட உள்பக்கம் இன்னும் முழுசா இறுகலை. அதான் பிழைச்சுது. ஒரு வாரம் விட்டிருந்தா அதையும் குப்பையிலதான் போட்டிருக்கணும்.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. சின்ன வயசுல அப்பா எனாமல் பிரஷ்ஷை ராத்திரி தண்ணி டப்பாவுல தொங்க விட்டுட்டு தூங்குவார். ஆயில் பெயின்ட் பிரஷ்ஷை ஏன் தண்ணியில வைக்கிறார், கிறுக்குத்தனமா இருக்கேன்னு நெனைப்பேன். தண்ணிக்குள்ள இருந்தா காத்து படாது. காத்து படலைன்னா கெட்டியாகாது. காலைல உதறி, துடைச்சு, காய வச்சுட்டு வேலையை தொடர வேண்டியதுதான். கெமிஸ்ட்ரி லேப்ல நான் மார்க்குக்காக படிச்சதை எங்கப்பா பழைய டால்டா டப்பாவுல பண்ணிட்டிருந்திருக்கார்.

இனி அப்பா சொன்ன வரிசை:

1. கழுவறது வேலை முடிஞ்சு ஆரம்பிக்கிறது இல்லை, வேலைக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. எனாமலுக்கு முன்னாடி பிரஷ்ஷை தின்னர்ல முக்கி உதறிக்கணும். எமல்ஷனுக்கு முன்னாடி தண்ணியில முக்கி உதறிக்கணும். அப்பத்தான் முடியோட அடியில, தகரத்துக்குள்ள, பெயின்ட் ஏறி காயாது. பிரஷ் செத்துப்போறது நுனியில இல்லை, அந்த அடியிலதான். பெயின்ட்ல முக்கும்போதும் முடியில பாதிக்கு மேல முக்கக்கூடாது.

2. முடிச்சதும் முதல்ல கழுவக்கூடாது, வழிக்கணும். டப்பா ஓரத்துல, அப்புறம் பழைய பேப்பர்ல, வர்ற வரைக்கும் தேய்ச்சு எடுத்துடணும். நாம கழுவி ஊத்தறது பூராவும் காசு.

3. எனாமல்னா தின்னரோ டர்பன்டைனோ கொஞ்சமா ஊத்தி மூணு தடவை. ஒரே தடவையா நிறைய ஊத்தறதை விட, கொஞ்சம் கொஞ்சமா மூணு தடவை கழுவினா நல்லா போகும். அழுக்குத் தின்னரை கொட்டக்கூடாது. பாட்டில்ல மூடி வச்சா ரெண்டு மூணு நாள்ல கலரெல்லாம் அடியில தங்கிடும். மேல தெளிஞ்சதை ஊத்தி வச்சுக்கிட்டா அடுத்த தடவை முதல் கழுவலுக்கு ஆச்சு. சாக்கடையிலயோ கிணத்துப் பக்கமோ ஊத்தவே கூடாது. குடிக்கிற தண்ணி பாட்டில்ல வைக்கவும் கூடாது. அப்பாவோட பாட்டில்ல சிவப்பு எனாமல்ல பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ எனக்காகப் போட்டது.

4. அதுக்கு அப்புறம் சோப்பு. எமல்ஷன் பிரஷ்ஷுக்கு தின்னரே வேண்டாம், நேரா தண்ணியும் சோப்பும்தான். உள்ளங்கையில வச்சு தேய்க்கணும், நுரை வெள்ளையா வர்ற வரைக்கும். தகரத்து பக்கத்துல விரலால பிதுக்கிப் பார்த்தா கலர் வரக்கூடாது.

5. உதறி, சீப்பால வாரி, பேப்பர்ல சுத்தி, கைப்பிடி ஓட்டையில மாட்டித் தொங்க விடணும், இல்லைன்னா படுக்க வைக்கணும். முடி தரையில ஊனுற மாதிரி நிக்க வச்சா வளைஞ்சது வளைஞ்சதுதான். நல்லா காய்ஞ்ச பிறகுதான் பெட்டிக்குள்ள போகணும். பன்னி முடி பிரஷ்ஷுன்னா பூச்சி அரிக்கும், அதுக்குத்தான் அந்துருண்டை.

6. பன்னி முடி ஆயில் பெயின்ட்டுக்கு, நைலான் முடி தண்ணி பெயின்ட்டுக்கு. பன்னி முடி தண்ணியை குடிச்சு ஊதி தொளதொளன்னு ஆயிடும். அதான் மாத்திப்பூடாதன்னு சொல்லியிருக்கார். (அப்போ ராத்திரி தண்ணி டப்பா? எண்ணெய்ப்பசை முடியை சுத்தி இருக்கிறதால ஒரு ராத்திரி தாங்கும். நாள்கணக்கா போட்டா கெட்டுத்தான் போகும்.)

7. ரோலரை கத்தி முதுகால வழிச்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவி, நிக்க வச்சு காய வைக்கணும். படுக்க வச்சா ஒரு பக்கம் அமுங்கி, அடுத்த சுவர்ல கோடு கோடா விழும்.

8. சாப்பாட்டுக்கு போற நேரத்துக்கு கழுவ வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கவர்ல காத்துப் புகாம சுத்தி வச்சா போதும். "நீ போன் பேசப் போறதுக்கு முன்னாடி ஒரு கவரை மாட்டியிருந்தா நான் ரயிலேறியிருக்க வேண்டாம்"னார். அது ஒரே ஒரு தடவை சொன்னார்.

9. ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ் துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடக்கூடாது. காயும்போது உள்ளுக்குள்ள சூடு ஏறி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சு வெளியில காயப் போடணும்.

பிரஷ் பிழைச்சுது. ஆனா பழைய பிரஷ் இல்லை. முடி கொஞ்சம் கொட்டியிருச்சு, ஒரு மூலை விரிஞ்சு நின்னுச்சு. அப்பா அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, "இனி பிரைமருக்கு ஆகும்"னார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பிரஷ்ஷுக்கும் ஒரு சர்வீஸ் புக் இருக்காம். புதுசா வாங்கினதை முதல்ல பிரைமருக்கு போடுவாங்க, முடி கொட்டறது எல்லாம் அதுல கொட்டட்டும்னு. அப்புறம் பழகி, நுனி படிஞ்ச பிறகுதான் கதவு, ஜன்னல்னு பினிஷிங் வேலை. அது தேய்ஞ்சதும் மறுபடி பிரைமர். கடைசியா பட்டி பார்த்த சுவத்துல தூசி தட்ட. இந்த நாலு இன்ச்சு பினிஷிங்ல எத்தனை வருஷமா இருந்துச்சுன்னு கேட்டேன். "நீ காலேஜ் சேர்ந்த வருஷம் வாங்கினது"ன்னார்.

நான் ஒண்ணும் பேசலை.

சாயங்காலம் அப்பா பாத்ரூம் கதவை முடிச்சிட்டிருந்தார், வேற பிரஷ்ல. அப்பத்தான் ஓனர் வந்தார். நான் அடிச்ச சுவரையும் அப்பா அடிச்ச கதவையும் மாத்தி மாத்திப் பார்த்தார். வித்தியாசம் குருடனுக்கும் தெரியும். "ஓ, ஆள் வச்சுட்டீங்களா? குட், குட். ஒர்க் நீட்டா இருக்கு. மேல் வீட்டுக்கும் வேணும், என்ன ரேட்டுன்னு கேளுங்க"ன்னார்.

உண்மையை சொல்றேன். ரெண்டு செகண்ட் வாயைத் திறக்கலை. அந்த ரெண்டு செகண்ட்ல பத்து வருஷத்துக்கு முந்தின அந்த காலேஜ் ஆபீஸ் வராண்டாவுல போய் நின்னுட்டு வந்தேன். அப்பா பிரஷ்ஷை நிறுத்தலை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. எனக்கு வசதியா இருக்கட்டும்னு திரும்பாம இருக்கார்னு புரிஞ்சுது. அதுதான் தாங்கலை.

"ஆள் இல்லை சார். எங்கப்பா. பெயின்டர். நாப்பது வருஷ சர்வீஸ்."

ஓனர் கொஞ்சம் தடுமாறி, "ஸாரி ஸாரி"ன்னு கும்பிட்டார். அப்பா ஏணியில இருந்து இறங்கி பதிலுக்கு கும்பிட்டார். அப்புறம், "கதவு காய ஒரு ராத்திரி ஆகும், யாரும் தொட்டுராதீங்க"ன்னார். அவ்வளவுதான் நடந்தது. வானத்துல இருந்து பூ எல்லாம் விழலை. (24,000 கழிக்கலை, அதையும் சொல்லிடறேன்.)

ஆனா நான் சொல்ல வந்தது இது இல்லை.

வேலை முடிஞ்சு பிரஷ்ஷை கழுவினார்னு சொன்னேன் இல்லையா. தின்னர்ல மூணு தடவை, சோப்புல ரெண்டு தடவை, சீப்பால வாரி, பேப்பர்ல சுத்தி. எல்லாம் முடிச்சிட்டு, மிச்சமிருந்த தின்னரை துணியில ஊத்தி ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் பரபரன்னு தேய்ச்சார். அப்படியே வேட்டியில துடைச்சுட்டு "சாப்புடுவமா?"ன்னார்.

அந்தக் கையை அன்னைக்குத்தான் ஒழுங்கா பார்த்தேன். விரல் நுனியில கோடே இல்லை. உள்ளங்கையில வெடிப்பு வெடிப்பா, கரிசக்காடு மாதிரி. ரேஷன் கடை மிஷின்ல இவர் விரல் விழ மாட்டேங்குதுன்னு அம்மா புலம்பினது ஞாபகம் வந்துச்சு. தின்னர் பெயின்ட்டை கரைக்கிற மாதிரியே தோல்ல இருக்கிற எண்ணெயையும் கரைச்சு எடுத்துடும். நாப்பது வருஷமா தினமும் எடுத்திருக்கு.

"ஏம்ப்பா, பிரஷ்ஷுக்கு சோப்பு, கைக்கு தின்னரா?"

சிரிச்சார். "பிரஷ்ஷு காசு குடுத்து வாங்கினதுய்யா. கை சும்மா வந்ததுதானே."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை, உக்காந்து படிச்சேன். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒண்ணு இருக்கு. புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா தெரிஞ்சதை எல்லாம் முதல் பிரிவுல வைப்பாங்க. புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் அங்கதான் இருக்கு. பெயின்டர் வேலையையும் 1989-லயே அதுல வச்சிருக்காங்க. ஏதோ ஒரு கெமிக்கலை இல்லை, அந்த வேலையையே. அப்புறம் ஈயம். வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக்கூடாதுன்னு இந்தியாவுல சட்டமா வந்ததே 2016-ல. அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முந்தி அடிச்ச பெயின்ட்டைத்தான் இவர் உப்புத்தாள் போட்டு, மூக்குல ஒரு துண்டு கூட கட்டாம சுரண்டிட்டிருந்தார். பழைய பெயின்ட்டை சுரண்டும்போது தண்ணி தெளிச்சு ஈரமாத்தான் தேய்க்கணும், தூசியை உள்ள இழுக்கக்கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லலை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நானும் சொல்லலை. எனக்குத்தான் அப்பா பெயின்ட் பிசினஸ் ஆச்சே.

மறுநாள் காலைல தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து வச்சேன். கையில எனாமல் பட்டா முதல்ல எண்ணெய் போட்டு நல்லா தேய்ச்சு, துணியால துடைச்சு, அப்புறம் சோப்பு போட்டா போயிடும். தின்னர் தேவையே இல்லை. அவர் கையில நானே தேய்ச்சு காட்டினேன். நகக்கண்ணுல இருந்ததெல்லாம் மெதுவா இளகி வந்துச்சு. சின்னப் பையன் மாதிரி கையை நீட்டிட்டு உக்காந்திருந்தார். "அட, ஆமா"ன்னார். அப்பா எனக்கு ஒன்பது விஷயம் சொல்லிக் குடுத்தார், நான் அவருக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்கேன். கணக்கு இன்னும் நேராகலை.

ஊருக்கு கிளம்பும்போது ஒரு பெட்டி ரப்பர் கையுறை, நல்லதா ஒரு மாஸ்க் வாங்கி மஞ்சப்பையில போட்டு விட்டேன். கட்டாயம் போடணும்னு சத்தியம் வாங்காத குறை. "சரிய்யா, சரிய்யா"ன்னுட்டு போனார். அந்த நாலு இன்ச் பிரஷ்ஷை மட்டும் நான் வச்சுக்கிட்டேன். புது வீட்டுல ஆணியில தொங்குது.

ஒரு மாசம் கழிச்சு அம்மாகிட்ட போன்ல கேட்டேன். "அப்பா கையுறை போடுறாராம்மா?"

"போடுறாரே! தினம் வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒண்ணு மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறாரு. காத்தே புகல, கவரை விட இது நல்லா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறாரு. எம்மவன் வாங்கிக் குடுத்ததுன்னு."

அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். ரெண்டு பெட்டி வாங்கி வச்சிருக்கேன். ஒண்ணு பிரஷ்ஷுக்கு.